25 வயது, சம்பளம் வருகிறது, ஆனால் வீட்டில் இன்னும் பிள்ளைதான்

பொருநைக்கரை எழுதியது:

வயது 25. பாளையங்கோட்டையில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். மெக்கானிக்கல் முடித்துவிட்டு, இயந்திர உதிரிபாகங்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். சம்பளம் 28,000. அதில் 20,000 அம்மா கைக்குப் போய்விடும். சீட்டு, நகை என்று அம்மா சேர்க்கிறார். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

வீட்டில் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. இருவருமே தங்கமானவர்கள். அதனால்தான் இதை வெளியே சொல்லவும் முடியவில்லை. "உனக்கு என்னடா குறை" என்பார்கள். குறை ஒன்றும் இல்லைதான். ஆனால் நான் ஒரு வளர்ந்த ஆள் என்ற நினைப்பே வர மாட்டேன் என்கிறது. கரண்ட் பில், கேஸ், வீட்டு வரி, இன்சூரன்ஸ் எல்லாம் அப்பா பார்ப்பார். சின்னதாக ஒரு ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார், கடைக்குப் போகிற வழியிலேயே அத்தனையையும் முடித்துவிடுவார். சமையல், துணி, எந்த விசேஷத்துக்கு எவ்வளவு மொய் என்பதெல்லாம் அம்மா. நான் லேப்டாப்பை மூடினால் தட்டில் சோறு இருக்கும்.

கூடப் படித்த ஒருவனுக்குக் கல்யாணமாகி குழந்தை இருக்கிறது. இன்னொருவன் ஓசூரில் தனியாக வீடு எடுத்திருக்கிறான். அவர்களோடு பேசும்போது பெரியவர்கள் பேச்சுக்கு நடுவே உட்கார்ந்த பிளஸ் டூ பையன் மாதிரி இருக்கிறது. இப்போது வீட்டில் மெதுவாகப் பெண் பார்க்கும் பேச்சு தொடங்கியிருக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இன்னொருவரோடு ஒரு குடும்பத்தை நடத்துகிற அளவுக்கு நான் இதுவரை எதைச் செய்திருக்கிறேன்?

எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: வெளியூருக்குப் போ, தானாக வந்துவிடும். போகத்தான் வேண்டுமா? வீட்டில் இருந்துகொண்டே இது வராதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மேன்ஷன்வாசி எழுதியது:

போ தம்பி, யோசிக்காதே. எனக்கு அரியலூர் பக்கம். படிப்பு முடிந்ததும் திருவல்லிக்கேணி மேன்ஷனுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு அறையில் மூன்று பேர், குளியலறை பொது. காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைக்க ஆள் கிடையாது, அடுத்த அறைக்காரர்தான் இட்லி வாங்கி வந்து கொடுத்தார். மாதக் கடைசியில் காசு எப்படிக் கரைகிறது என்று அங்கேதான் தெரிந்தது. அம்மா இருக்கிற வீட்டில் நம் கை வேலைக்குப் போகாது. நாம் எழுந்திருக்கும் முன்பே எல்லாம் முடிந்திருக்கும். அவர்கள் மேலும் தப்பு இல்லை, உன் மேலும் தப்பு இல்லை. அந்த ஏற்பாட்டை உடைக்க வேண்டுமென்றால் ரயில் ஏறத்தான் வேண்டும்.

கரிசல் எழுதியது:

மேலே சொன்னவர் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் நான் பார்த்தது வேறு. நான் கோவில்பட்டி. சோழிங்கநல்லூரில் நண்பர்களோடு வீடு எடுத்து இருந்தவன். சமைக்க ஒரு அக்கா வருவார், துணிக்கு வாஷிங் மெஷின், ராத்திரி பசித்தால் ஸ்விக்கி. வாடகை ஒப்பந்தத்தை எங்களில் ஒருவர்கூட முழுதாகப் படித்தது கிடையாது. வருமான வரி தாக்கல் செய்ய வேண்டும் என்றால் ஊரில் இருக்கும் அப்பாவுக்கு போன், அவருக்குத் தெரிந்த ஆடிட்டர் முடித்துக் கொடுப்பார். பல் வலி வந்தால் எந்த டாக்டர் என்று அம்மாதான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு வேலைகளை நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு அப்பா அம்மாவே பார்த்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் பணம். 28,000 சம்பளத்தில் சென்னையில் தனி வீடு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். முன்பணம் 3 மாத வாடகை என்று 2017 வாடகைச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் 6 மாதம், 10 மாதம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தொகையை யார் தருவார்? திரும்ப அப்பாதான். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலையை வைத்துக்கொண்டு, பொறுப்பு வருவதற்காக மட்டும் மாதம் 12,000 வாடகை கொடுப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

மேன்ஷன்வாசி எழுதியது:

அந்தக் காலத்தில் ஸ்விக்கி கிடையாது கரிசல், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். தனியாக இருப்பவனுக்கு ஒரு முடிவு தவறாகப் போனால் உடனே உறைக்கும். வீட்டில் அது உறைக்காது, யாராவது தாங்கிப் பிடித்துவிடுவார்கள். தம்பிக்கு இல்லாதது அந்த அடிதான்.

சித்திரை வீதி எழுதியது:

நான் மதுரை. 27 வயதுப் பெண், தனியார் மருத்துவமனை லேபில் வேலை, நானும் பெற்றோரோடுதான் இருக்கிறேன். இந்த இழையில் பேசுகிற வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தட்டில் சோறு இருக்கும் என்று தம்பி எழுதியிருக்கிறார். என் விஷயத்தில் அந்தச் சோற்றைப் போடுவதே நான்தான். காலையில் டிபன், பாட்டிக்கு மாத்திரை, பாட்டியைக் குளிக்க வைப்பது, சாயந்தரம் என் தம்பிக்கு டீ. இதையெல்லாம் பதினைந்து வயதிலிருந்து செய்கிறேன். வேலை தெரியவில்லை என்ற கவலை எனக்கு இல்லை. ஆனால் என் சம்பளக் கணக்கின் பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் அப்பாவிடம். ஸ்கூட்டி வாங்கலாமா என்பதை முடிவு செய்தது அப்பாவும் 20 வயதுத் தம்பியும்.

போன வருடம் தாத்தா காலத்து மனை ஒன்றை விற்றார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கிளம்பும் அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். "கையெழுத்து போடணும், லீவு சொல்லிடு" என்றார் அப்பா. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. சட்டப்படி என் கையெழுத்து தேவைப்பட்டது, என் கருத்து யாருக்கும் தேவைப்படவில்லை. என்ன விலைக்கு, யாருக்கு, பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று நான் கேட்டபோது அறையே ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது. நான் சண்டைக்குப் போகவில்லை. பத்திரத்தை வாங்கி உட்கார்ந்து முழுவதும் படித்தேன், பிறகுதான் கையெழுத்து போட்டேன். எழுத்தர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். பரவாயில்லை.

அதனால் தம்பி, வளர்ந்த ஆள் என்ற நினைப்பு வேலை செய்தால் மட்டும் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பாதி வேலையில் இருக்கிறது, மீதி முடிவெடுக்கும் இடத்தில் நம்மையும் உட்கார வைப்பதில். பையன்களுக்கு முதல் பாதி கிடைப்பதில்லை, எங்களுக்கு இரண்டாவது பாதி கிடைப்பதில்லை. நீங்கள் ஓசூருக்குப் போவதற்கு முன்னால் உங்கள் அம்மாவின் சமையலறைக்குள் ஒரு மாதம் போய்ப் பாருங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

அக்கா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். என் அம்மாவிடமும் யாரும் எதையும் கேட்டு முடிவெடுத்ததாக ஞாபகம் இல்லை. சமையலறை விஷயம் சரி, இன்றைக்கே தொடங்கலாம். ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் செய்வது வேறொன்று. அப்பாவுக்கு 59, சர்க்கரை இருக்கிறது. நாளைக்கே அவருக்கு ஒன்று என்றால் எந்த பாலிசி, எந்தக் கணக்கு, வீட்டுப் பத்திரம் எங்கே, கடை வாடகை யாருக்கு, எதுவுமே தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்போம். வயிற்றைக் கலக்குகிறது என்று சொன்னேனே, அந்தப் பயம் இதுதான்.

பழைய கேஷியர் எழுதியது:

ஒரு வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி இப்போது எழுதியதுதான் சரியான இடம். "தயாராக இல்லை" என்பது மொத்தமாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பிரித்துப் பார்த்தால் அதில் பெரும்பகுதி காகிதம். காகிதத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்தது, கணவர் தவறிப்போன பிறகு மகனையும் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள். மகன் பட்டதாரி, நல்ல வேலையில் இருப்பான். கணக்கில் நாமினி போடாமல் விட்டிருப்பார்கள். இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று மாதக்கணக்கில் அலைவார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு படிவத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும்.

இதைப் பாருங்கள்.

அப்பாவின் கணக்கில் அம்மா பெயரைச் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம், ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் தொடரலாம் என்ற வகையில் கூட்டுக் கணக்காக மாற்றலாம். நாமினியும் போட வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு 4 பேர் வரை நாமினி போட வழி வந்திருக்கிறது. நாமினி என்பதாலேயே பணம் அவருக்குச் சொந்தமாகிவிடாது, வாரிசுகளுக்காக வாங்கி வைப்பவர் அவர். இது பலருக்குத் தெரியாது, அண்ணன் தம்பி தகராறு பாதி இதில்தான் ஆரம்பிக்கிறது.

மருத்துவ இன்சூரன்ஸ். குடும்பத்துக்கு எடுக்கும் பாலிசிகளில் பிள்ளைகளைப் பொதுவாக 25 வயது வரைதான் சேர்ப்பார்கள். உங்களுக்கு இப்போது 25. அடுத்த புதுப்பிப்பில் உங்கள் பெயர் இருக்குமா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் சொந்தமாக ஒன்று எடுக்க வேண்டும், இந்த வயதில் பிரீமியம் குறைவு. தனிநபர் மருத்துவ பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் கிடையாது. அப்பாவின் சர்க்கரை பாலிசியில் எழுதப்பட்டிருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருடம்தான். மறைத்திருந்தால் கிளெய்ம் நேரத்தில் சிக்கல்.

அம்மாவின் சீட்டு. 1982 சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டும் பதிவு செய்யப்பட வேண்டும். தெருவில் தெரிந்தவர் நடத்துவது பெரும்பாலும் பதிவு இல்லாதது. யார் நடத்துகிறார், எத்தனை மாதம் பாக்கி, எடுத்தாயிற்றா இல்லையா என்று அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். அது உங்கள் சம்பளம். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இரண்டு மகன்களின் அம்மா எழுதியது:

பெற்றோர் பக்கத்திலிருந்து ஒருவர் பேச வேண்டும் என்று தோன்றியது. எங்களுக்கு ஈரோடு. பெரியவனுக்கு 24, சின்னவனுக்கு 21, இரண்டு பேரும் வீட்டில்தான்.

பிள்ளைகளை நாங்கள் வேண்டுமென்றே விரல் சூப்ப வைப்பதில்லை. பத்தாம் வகுப்பில் "நீ படி, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்று ஆரம்பிக்கிறது. பிறகு பிளஸ் டூ, நீட், கல்லூரி, கேம்பஸ் இன்டர்வியூ. ஒவ்வொரு தடவையும் இது முடியட்டும் என்று தள்ளுவோம். எட்டு, பத்து வருடம் அப்படியே ஓடிவிடும். அதற்குள் இன்னொன்று நடந்துவிடுகிறது. அந்த வேலைகளைச் செய்வதில்தான் நாங்கள் இருக்கிறோம் என்று எங்களுக்கே ஆகிவிடுகிறது. என் கணவர் 55 வயதில் கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கரண்ட் பில் கட்டுவதையும் பையன் வாங்கிக்கொண்டால் அவருக்கு அன்றைய தினத்தில் என்ன மிச்சம் என்று நான் யோசித்தது உண்டு.

எங்கள் வீட்டில் எடுத்துக்கொண்ட வழி இது: வேலையை முழுதாகக் கைமாற்றுவது. கேஸ் என்றால் புக் செய்வது, சிலிண்டர் வரும்போது வீட்டில் இருப்பது, பணம் கொடுப்பது, ட்யூபைச் சோதிப்பது எல்லாமே பெரியவன். நான் ஞாபகப்படுத்த மாட்டேன். ஒருமுறை சிலிண்டர் தீர்ந்து இரண்டு நாள் இன்டக்ஷன் அடுப்பில் ஓட்டினோம். யாரும் திட்டவில்லை. மேன்ஷன்வாசி சொன்ன அந்த அடி வீட்டுக்குள்ளேயும் கிடைக்கும், பெற்றோர் ஓடிவந்து தடுக்காமல் இருந்தால்.

கேஸ் கைமாறிய பிறகு என் கணவர் அவனிடம் வேறு மாதிரி பேச ஆரம்பித்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. முன்பெல்லாம் "சாப்பிட்டியா"வோடு முடியும். இப்போது பழைய வண்டியை விற்கலாமா என்று அவனிடம் கேட்கிறார்.

புழுதிவாக்கம் ஆய்வாளர் எழுதியது:

சிறிய தகவல் மட்டும். அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000-இல் ஒரு கட்டுரையில் 18 முதல் 25 வரையிலான வயதைத் தனிப் பருவமாகப் பார்க்க வேண்டும் என்றார். தன்னை முழுதாகப் பெரியவன் என்றும் சொல்ல முடியாமல், சிறுவன் என்றும் சொல்ல முடியாமல் நடுவில் இருப்பது அந்தப் பருவத்தின் இயல்பு என்பது அவர் வாதம். எது ஒருவரைப் பெரியவராக்குகிறது என்று இளைஞர்களிடம் கேட்டபோது கல்யாணமும் தனி வீடும் முன்னால் வரவில்லை. தனக்குத் தானே பொறுப்பேற்பது, சொந்தமாக முடிவெடுப்பது, பணத்தில் சொந்தக் காலில் நிற்பது, இவைதான் வந்தன. அவர் கேட்டது அமெரிக்க இளைஞர்களிடம். நம் ஊரில் கேட்டால் பெற்றோரைத் தாங்குவது என்ற பதிலும் மேலே வரும் என்று நினைக்கிறேன். எப்படியும் 25 வயதில் இந்தக் குழப்பம் வருவது நோய் அல்ல.

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு விஷயம் நடந்தது, சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் மெதுவாக பாலிசி, பத்திரம் பற்றிக் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "நான் இருக்கேன்லா, உனக்கு எதுக்கு இப்ப இதெல்லாம்" என்றார். அம்மா உள்ளேயிருந்து "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுத" என்று வந்துவிட்டார். அப்பாவின் சாவைப் பற்றி நான் கேட்டதாக இருவருமே எடுத்துக்கொண்டார்கள். மேற்கொண்டு எப்படிப் பேசுவது?

பழைய கேஷியர் எழுதியது:

எங்கள் வீட்டிலும் இதேதான் தம்பி. நாமினி, உயில் என்றாலே அபசகுனம். அதனால் அவர் காகிதத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், உங்களுடையதிலிருந்து ஆரம்பியுங்கள். உங்களுக்கு பிஎஃப் பிடிக்கிறார்கள் அல்லவா? யுஏஎன் எண்ணை (பிஎஃப் உறுப்பினர் எண்) வைத்து இணையத்தில் நாமினி போடுங்கள். பிஎஃப் உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும் காப்பீடும் அதோடு சேர்ந்தது. போய் "அப்பா, எனக்கு நாமினியாக உங்களையும் அம்மாவையும் போடுகிறேன், ஆதார் கொடுங்கள்" என்று கேளுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அதை மறுபடி புதிதாகப் போட வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள். 25 வயதுப் பையன் தன் காகிதத்தை ஒழுங்கு செய்வதைப் பார்க்கும் அப்பா, தன்னுடையதை எடுத்து வைக்காமல் இருக்க மாட்டார்.

கரிசல் எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒரு வேலையையும் எடுத்துக்கொள். கரண்ட் பில்லில் தொடங்கு, அது சாவோடு சம்பந்தப்பட்டது இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு, முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்குப் போடும் விதமே மாறும். நாள் முழுக்க வீட்டில் ஃபேன், ஏசி, லேப்டாப் ஓடுவது உன்னால்தானே? அதை நீ கட்டுவதுதான் நியாயம். வீட்டு வரி அரையாண்டுக்கு ஒரு தடவை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் குறைப்பார்கள். அதை அடுத்து வாங்கிக்கொள்.

மேன்ஷன்வாசி எழுதியது:

சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஈரோட்டு அம்மா எழுதிய மாதிரி பெற்றோர் இருந்தால் ரயில் ஏற வேண்டியதில்லை. ஆனால் எல்லா வீடும் அப்படி இல்லை. கைமாற்றவே மாட்டேன் என்கிற வீட்டிலிருந்தும், அடிக்கிற வீட்டிலிருந்தும் வெளியே போவதுதான் வழி. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது சொல்லி வைக்கிறேன்.

சித்திரை வீதி எழுதியது:

ஆமாம் அண்ணா. அதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நானும் அடுத்த மாதம் தனியாக ஒரு கணக்கு திறக்கிறேன். சம்பளம் அதில்தான் வரும், வீட்டுக்கு உரியதை நானே மாற்றிக் கொடுப்பேன்.

பொருநைக்கரை எழுதியது:

பிஎஃப் யோசனை வேலை செய்தது. ஆதாரைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து அப்பா பீரோவிலிருந்து ஒரு மஞ்சள் துணிப்பையை எடுத்து வந்து என் மேஜையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை, கடைக்குக் கிளம்பிவிட்டார். எல்லாவற்றையும் பிரித்து ஒரு நோட்டில் எழுதிவிட்டேன். மருத்துவ பாலிசியில் சர்க்கரை எழுதப்பட்டிருக்கிறது, நிம்மதி.

ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். வீட்டுப் பட்டா, வீட்டு வரி, கரண்ட் இணைப்பு மூன்றும் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கின்றன. தாத்தா 2021-இல் தவறினார், ஆச்சி அதற்கு முன்பே. அப்பாவும் ஒரு அத்தையும்தான் பிள்ளைகள். அத்தை தூத்துக்குடியில் இருக்கிறார். அப்பாவிடம் கேட்டால் "பாத்துக்கலாம்" என்கிறார். இதை நான் எடுத்துச் செய்யலாம் என்று இருக்கிறேன். எங்கே ஆரம்பிப்பது?

பழைய கேஷியர் எழுதியது:

வாரிசுச் சான்றில். தாத்தாவின் இறப்புச் சான்று, அப்பா, அத்தை இருவரின் ஆதார், குடும்ப அட்டை எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள், தாசில்தார் சான்று தருவார். அது கைக்கு வந்தால்தான் பட்டா, வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றங்கள் நகரும். அதற்குள் பதிவுத்துறை தளத்தில் வில்லங்கச் சான்றை (சொத்தின் மேல் விற்பனை, அடமானம் எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று காட்டுவது) போட்டுப் பார்த்துவிடுங்கள். அத்தையின் பங்கை என்ன செய்வது என்பது இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டியது. அதை நீங்களாக முடிவு செய்து காகிதம் தயாரித்துவிடாதீர்கள்.

சித்திரை வீதி எழுதியது:

இதை நான் கெஞ்சியே கேட்கிறேன் தம்பி. அத்தை வீட்டுக்குப் போகும்போது கையெழுத்து வாங்கப் போகிற மாதிரி போகாதீர்கள். காகிதம் எதையும் எடுத்துப் போகாமல் முதலில் விஷயத்தைச் சொல்லுங்கள், அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

அப்படியே செய்கிறேன் அக்கா. அத்தைக்கு போன் போட்டுப் பேசிவிட்டேன். வரும் சனிக்கிழமை அப்பாவும் நானும் போகிறோம். அம்மாவும் வருகிறேன் என்றார்.